சாமி மலையேறிய கதை!

நீங்கள் நீலகிரிக்காரர் என்று ஹாஸ்டலில் தெரிந்துவிட்டால் போதும்... நாலு வருஷமும் நீங்கதான் ஃப்ரீ டூரிஸ்ட் கைடு! "ரூம் எங்க சீப்பா கிடைக்கும்?", "வர்க்கி எந்தக் கடையில வாங்கணும்?", "இப்ப போனா ஸ்வெட்டர் வேணுமா?" - மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும் அண்ணன் வரைக்கும் கேட்பார்.

இந்த செமஸ்டர் லீவில் என்னோடு மலை ஏறியது மூணு பேர். பேர் எதுக்கு, டிபார்ட்மென்ட் போதும். சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.இ. கிளம்பும்போதே ஈ.சி.இ.யின் அம்மா போனில் ஆர்டர் போட்டுவிட்டார். "போட்டிங் கீட்டிங் எல்லாம் அப்புறம். முதல்ல கோயிலுக்குப் போங்க. கேம்பஸ் இன்டர்வியூ வருதில்ல?" சிவில் வீட்டிலோ, "ஊட்டியில பழைய சர்ச்சுங்க இருக்காம், போய் ஜெபம் பண்ணிட்டு வாம்மா." மெக்கானிக்கல் பக்கா நாத்திகர். "நீங்க உள்ள போங்க, நான் வெளிய வண்டியைப் பார்த்துக்கறேன்" என்றான். "டேய், நாம பஸ்லதான்டா வந்திருக்கோம்!"

ஆக, ரெண்டு நாள் ஆன்மிக டூர். கூட்டிக்கொண்டு போனது நான்தான் என்றாலும், பாதி விஷயம் எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கீழ்நாட்டில் சாமியாடி ஆடி முடித்ததும் "சாமி மலையேறிருச்சு, விபூதி வாங்கிக்கோங்க" என்பார்கள். சாமி கிளம்பிப் போச்சு என்று அர்த்தம். எங்கள் மலையில் அதற்கு வேற அர்த்தம். இங்கே இருக்கிற சாமிகளில் முக்கால்வாசி, யாரோ ஒருத்தர் தோளில், தலையில், மாட்டு வண்டியில் ஏறி மலைக்கு வந்தவைதான். எந்தச் சாமி யாரோடு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்... இந்த ஊர் வரலாறே கிடைத்துவிடும்.

திப்பு வீட்டு உத்தரம்!

முதல் ஸ்டாப், செயின்ட் ஸ்டீஃபன்ஸ் சர்ச். கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்தார். பத்தே வருஷத்தில், 1829 ஏப்ரல் 23-ம் தேதி, இந்த சர்ச்சுக்கு அடிக்கல் போட்டுவிட்டார்கள். போட்டவர் சென்னை கவர்னர் லஷிங்டன். வடிவமைத்தவர் கேப்டன் அண்டர்வுட். 1831 ஈஸ்டர் ஞாயிறன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வெளியே பார்த்தால் இளமஞ்சள் கலரில் சாதுவா நிற்கிறது. உள்ளே போய்த் தலையைத் தூக்கினால்தான் விஷயமே! மேலே ஓடுகிற பிரமாண்டமான தேக்கு உத்தரங்கள் எல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தவை. திப்பு சுல்தானுடைய லால் மஹால் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரம். ஊட்டிக்கு ரயில் வந்ததே 1908-ல்தான். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னாடி அவ்வளவு பெரிய மரங்கள் எப்படி மேலே வந்திருக்கும்? யானைகள் இழுத்து வந்ததாக ஊரில் சொல்கிறார்கள்.

சிவில் அண்ணாந்து பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். ஜெபமா, ஸ்பேன் கணக்கான்னு தெரியலை. கடைசியில், "தோத்துப் போன ராஜா வீட்டுக் கூரைக்குக் கீழ ஜெயிச்சவங்க முழங்கால் போட்டிருக்காங்க, இல்ல?" என்றாள். மெக்கானிக்கல்கூட கலாய்க்கவில்லை.

பின்பக்கம் சரிவில் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கேதான் இருக்கிறார்கள். ஊட்டியை உருவாக்கியவர் என்று சல்லிவனைப் புகழ்ந்து போர்டு இருக்கு, சிலை இருக்கு. அந்த ஊருக்காக அவர் கொடுத்த விலை இந்தப் புல்லுக்கு அடியில் இருக்கு.

27 வயசு ஸ்டெனோ!

அடுத்து, ஏரிக்குப் பக்கத்தில் செயின்ட் தாமஸ் சர்ச். போட் ஹவுஸுக்கு ஓடுகிற அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற இடம். கல்லறைத் தோட்டத்தில் உசரமா ஒரு தூண், மேலே சிலுவை. 1881-ல் ஊட்டியில் இறந்துபோன சென்னை கவர்னர் வில்லியம் ஆடம் நினைவாக வைத்தது. டூரிஸ்ட் போட்டோ எடுப்பது அதைத்தான்.

நான் காட்ட நினைத்தது இன்னொருத்தரை. ஜோசையா ஜான் குட்வின். இங்கிலாந்துக்காரர். 1895 டிசம்பரில் நியூயார்க்கில் சுவாமி விவேகானந்தர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயசு 25. கொஞ்ச நாளிலேயே சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டு, கூடவே இருந்துவிட்டார். டேப் ரெக்கார்டர் இல்லாத காலம். விவேகானந்தர் குறிப்பு வைத்துக்கொண்டு பேசுகிற ஆளும் இல்லை. 'கர்ம யோகம்' முதல் கொழும்பு டு அல்மோரா சொற்பொழிவுகள் வரை நம்ம கைக்குப் புத்தகமா வந்திருக்குன்னா, அதற்கு இந்தப் பையனுடைய பென்சில்தான் காரணம்.

1897-ல் குருவோடு இந்தியா வந்தவர், அப்புறம் சென்னையில் பத்திரிகை வேலை பார்த்தார். 1898 ஜூன் 2-ம் தேதி ஊட்டியில் காய்ச்சலில் இறந்தபோது வயசு 27. ஒரு இந்து சந்நியாசியின் குரலை உலகத்துக்குக் கொண்டு போனவர், ஊட்டியில் ஒரு சர்ச் மண்ணில் தூங்குகிறார். ஈ.சி.இ. கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். "சிக்னல் லாஸ் இல்லாம அனுப்பியிருக்காருப்பா" என்றான். அவன் பாஷையில் அது பெரிய மரியாதை!

ஆத்தாளுக்கு உப்பு மழை!

மதியம் மார்க்கெட் பக்கம், ஊட்டி மாரியம்மன் கோயில். மலைக்கு வியாபாரிகள் ஏறி வந்து செவ்வாய்க்கிழமை சந்தை போட்ட காலத்தில், சந்தையோடு சேர்ந்து வளர்ந்த கோயில். மற்ற ஊர்களில் பார்க்காத ஒரு விஷயம் இங்கே உண்டு. மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில், பக்கத்துப் பக்கத்தில். ரூம்மேட்ஸ்! ஆனால், நம்ம ஹாஸ்டல் மாதிரி சண்டை கிடையாது.

ஏப்ரலில் தேர்த் திருவிழா. வந்து பார்த்தால்தான் தெரியும்... தேர் வரும்போது ஜனங்க கை கையா உப்பை அள்ளி வீசுவார்கள். அதுதான் நேர்த்திக்கடன். ரோடு முழுக்க வெள்ளையாகிவிடும். வெளியூர்க்காரங்க பனி விழுந்திருச்சோன்னு பார்ப்பாங்க! ஒரு மாசத்துக்கு மேலே நடக்கிற திருவிழாவில் தினமும் ஒரு சமூகத்தாருடைய உபயம். ஒரு நாள் படுகர்கள், ஒரு நாள் கன்னடக்காரர்கள், ஒரு நாள் மலையாளிகள். இந்த ஊருக்கு யார் யார் பிழைக்க வந்தார்கள் என்று தெரிய சென்சஸ் புத்தகம் தேவையில்லை. மாரியம்மன் கோயில் உபய நோட்டீஸை வாங்கிப் பார்த்தால் போதும்.

சாயங்காலம் காந்தல் குருசடி. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் புனிதப் பொருளை இங்கே வைத்திருக்கிறார்கள். மே மாதத்தில் திருவிழா. மெழுகுவத்தி ஏற்றுகிற இடத்தில் குங்குமம் வைத்த நெற்றிகளும் நிறைய. அதே காந்தலில் மூவுலகரசியம்மன் கோயில். பேரைச் சொல்லிப் பாருங்கள், வாய் நிறையும்! அங்கேயிருந்து எல்க் ஹில் முருகனையும் எட்டிப் பார்த்தோம். மலேசியா பத்துமலை முருகன் சாயலில் சுமார் 40 அடியில் நிற்கிறார். மூச்சு வாங்கப் படி ஏறினால் ஊட்டி முழுக்கக் காலுக்குக் கீழே.

உள்ளே போகக் கூடாது!

இதுவரை சொன்ன சாமிகள் எல்லாம் மலையேறி வந்தவை. வராமல் இங்கேயே இருந்த சாமி? அதைப் பார்க்க மறுநாள் காலையில் முத்தநாடு மந்துக்குப் போனோம். மந்து என்றால் தோடர்கள் குடியிருப்பு. ஊட்டியின் பழைய இங்கிலீஷ் பேரான ஊட்டகமண்டில் கடைசியில் வருகிற 'மண்டு' இதுதான்.

மொத்தமே சுமார் 2,000 பேர்தான் தோடர்கள். இங்கே இருக்கிற கோயில் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. புல்வெளி நடுவே, கூம்பு மாதிரி உயரமா கூரை வேய்ந்து நிற்கிறது. சுற்றி வட்டமா கல் சுவர். ஒருத்தர் தவழ்ந்து நுழைகிற அளவுக்குத்தான் வாசல். தோடர்களுக்கு எருமைதான் எல்லாம். அவர்களுடைய கோயில்கள் பெரும்பாலும் பால் கோயில்கள். புனிதமான எருமைகளுடைய பாலைக் கடைவதுதான் அங்கே பூஜை. கடைகிறவர்தான் பூசாரி. மார்கழிக் குளிரில் நடக்கும் மொற்பர்த் பண்டிகைக்கு எல்லா மந்திலிருந்தும் ஆண்கள் இங்கே கூடிப் பாடி ஆடுவார்கள். இளவட்டப் பசங்க உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவார்கள். மெக்கானிக்கல் அந்தக் கல்லைப் பார்த்ததோடு சரி!

கொஞ்சம் தள்ளியே நின்றோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமா பூவேலை போட்ட பூத்துக்குளி போர்த்தியிருந்த ஒரு பாட்டி, "அங்கயே நில்லுங்க, பக்கத்துல போகக் கூடாது" என்றார்.

"நீங்க உள்ள போயிருக்கீங்களா பாட்டி?"

"பொம்பளைங்க போக மாட்டோம் கண்ணு."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட?"

சிரித்தார். "போகலைன்னா என்ன? அது இருக்குன்னு தெரியுமில்ல!"

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு நான், 'பொம்பளை போகக் கூடாது' என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா, இன்னொன்றையும் சொல்லணும். இந்த மலையில் எல்லாமே விற்பனைக்கு வந்தாச்சு. காடு, புல்வெளி, பனி, வியூ பாயின்ட் எல்லாத்துக்கும் டிக்கெட். யாரும் நுழைந்து செல்ஃபி எடுக்க முடியாத ஒரு வாசல் இன்னும் மிச்சம் இருக்கு. அந்த வாசலின் சொந்தக்காரங்க யாருன்னு அங்கே போனால் சந்தேகமில்லாமல் புரியும்.

நோட் பண்ணிக்கோங்க!

ஊட்டி சர்ச்சுகளும் கோயில்களும் டவுனுக்குள்ளேயே இருப்பதால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை நேரம், அப்போது சுற்றிப் பார்க்கிறேன் என்று கேமராவோடு நுழையாதீங்க. கல்லறை மேலே உட்கார்ந்து போஸ் கொடுப்பதும் வேண்டாமே. மந்துக்குப் போனால் முதலில் அங்கே இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டம் முழுக்கத் தடை. சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கோங்க.

ஜனவரி பக்கம் வந்தால் கோத்தகிரி பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா. படுகர் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் வெள்ளை உடையில் நடந்தே வருவார்கள். பச்சைத் தேயிலைக்கு நடுவே அந்த வெள்ளை வரிசை... சான்ஸே இல்ல!

ஊட்டியிலிருந்து பஸ் பிடித்துக் குன்னூர் இறங்கினால் தந்தி மாரியம்மன். ஏன் அந்தப் பேர்னு கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வாங்க. இந்தியாவில் தந்தி சேவையே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆத்தா பேரில் மட்டும் தந்தி இன்னும் வேலை செய்யுது!

லிஸ்ட்டில் இல்லாத கோயில்

கடைசி ஸ்டாப் எந்த டூரிஸ்ட் மேப்பிலும் கிடையாது. குன்னூர் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்குள்ளே, லைன் வீடுகளுக்கு மேலே மேட்டில் ஒரு மாரியம்மன் கோயில். பத்துக்குப் பத்து கருவறை, முன்னாடி தகரக் கொட்டகை, ஒரு சூலம், ஒரு மணி. அதைக் கொண்டுவந்தது எங்க அம்மாயி.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறையா உழைத்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு வருபவர்களுக்காக நீலகிரியில் 1968-லிருந்து அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. தனியார் எஸ்டேட்டுகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அம்மாயி தலவாக்கலைப் பக்கம் பிறந்தவர். 1974-ல் கல்யாணமான புதுசில், இந்தியாவையே பார்த்திராத அம்மாயிக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பேர் கொடுத்து அனுப்பினார்கள். தலைமன்னார் வரை ரயில், அங்கேயிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இந்த மலை.

கிளம்புகிற அன்னிக்கு அங்கே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பிடிமண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாராம். தலைமன்னாரில் நகை ஏதும் கடத்துகிறார்களா என்று சோதித்த ஆபீசர் முடிச்சை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். மண்ணைப் பார்த்துவிட்டு "இது எதுக்கு?" என்று கேட்டாராம்.

"எங்க ஆத்தாங்க தொரைன்னேன். ஒண்ணும் பேசல. முடிஞ்சுக்கன்னு கையக் காட்டிட்டாரு" - அம்மாயி இதை ஆயிரமாவது தடவை சொல்லும்போதும் முந்தானையைப் பிடித்துக்காட்டுவார்.

அந்த மண்ணை வைத்து மூணு கல் நட்டார்கள். சம்பளத்தில் பிடித்த காசில் கொட்டகை வந்தது, கருவறை வந்தது. நான் சின்ன பிள்ளையா இருக்கும்போது லைனில் 60 குடும்பம். இப்போ 23. வேலையில் இருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும், அதுதான் எஸ்டேட் வழக்கம். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்க யாருக்கும் விருப்பமில்லை. அம்மாவுக்கு இன்னும் பத்து வருஷ சர்வீஸ். எனக்கு பிளேஸ்மென்ட் கிடைத்தால் சென்னையோ பெங்களூரோ. இறங்கப் போகிறவர்கள் லிஸ்ட்டில் என் பேரும் இருக்கு.

வைகாசித் திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் மேலே வருவார்கள். ஆனா, போன வருஷம் அதுவும் குறைந்துபோச்சு. சப்பரம் தூக்க ஆள் பத்தலை. கடைசியில் ஒரு டெம்போவை வாடகைக்கு எடுத்து ஆத்தாளை ஏற்றினோம். ஆனா, லைன் சந்துகளுக்குள் டெம்போ நுழையவில்லை. வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எல்லாம் மெயின் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். "தோளு இல்லாத சாமியாப் போச்சே..." என்று அம்மாயி அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

திருப்பூரில் இருக்கிற மாமா ஒருத்தர், "இங்கேயிருந்து பிடிமண் எடுத்துட்டுப் போயி திருப்பூர்ல கோயில் கட்டிடலாம்" என்கிறார். நியாயமான பேச்சுதான், அம்மாயி செய்ததும் அதைத்தானே! அம்மாயி மறுக்கவும் இல்லை. "எடுத்துட்டுப் போங்கப்பா. ஆத்தா எங்கயும் வருவா. ஆனா, நா இருக்குற வரைக்கும் இங்க வெளக்கு எரியணும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை எல்லாம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்தபடி மூணு பேரும் கேட்டார்கள். ஈ.சி.இ. கண்ணை மூடிக் கும்பிட்டான். சிவில் செருப்பைக் கழற்றிவிட்டு, பேக்கிலிருந்து டேப்பை எடுத்துச் சந்துகளுடைய அகலத்தை அளக்க ஆரம்பித்தாள். குறுகலான இடத்தில் நாலரை அடி.

மெக்கானிக்கல்தான் ஆச்சரியம். நேரே சப்பரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தான். "பாட்டி, தோள் இல்லாட்டி சக்கரம் வைக்கலாம். நாலு அடிக்கு ஒரு ஃப்ரேம். தள்ள ஆறு பேர் போதும். ஆனா இது சரிவு, அதனால கண்டிப்பா பிரேக் வேணும்."

"ஆத்தாளுக்குப் பிரேக்கா!" அம்மாயிக்குச் சிரிப்பு தாங்கலை. சிரித்து முடித்துவிட்டு, "போடு சாமி" என்றார். சாமியே இல்லை என்பவனைப் பார்த்து!

பஸ் டிக்கெட் பின்பக்கத்தில் அவன் வரைந்த டிராயிங் இப்போது என் டைரியில் இருக்கு. காலேஜ் வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் பண்ணித் தர அண்ணன் ஒருத்தர் சம்மதிச்சாச்சு. இரும்புக் குழாய் வாங்க லைனில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்குது. திருப்பூர் மாமா வீல் செலவு என்னுது என்று சொல்லிவிட்டார்.

பத்து வருஷம் கழித்து அங்கே யார் விளக்கு ஏற்றுவார்கள்? தெரியாது. இந்த வைகாசிக்கு ஆத்தா ஒவ்வொரு வாசலுக்கும் வருவாள். நாலரை அடி சந்தில், நாலு அடி வண்டியில், பிரேக்கோடு. ஊட்டி பக்கம் வந்தால் நீங்களும் வாங்க ஃப்ரெண்ட்ஸ். இறக்கத்தில் பின்னாலிருந்து பிடிக்க ரெண்டு கை கூடுதலா வேணும்!